ஆள் இருக்கு

இன்றைக்காவது ஒரு தடவை என்னைப் பார்த்துச் சிரியேன், என்று பிளெஸ்ஸி மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். சிரித்தால் வானமா இடிந்து விழுந்துவிடும். என் பேர் உனக்குத் தெரியும். என் வலது காலில் உள்ள தழும்பு எப்படி வந்தது என்று தெரியும். என் மகள் கணக்கில் எங்கே தடுக்கி விழுவாள் என்பதுகூடத் தெரியும். உனக்குத் தெரியும் என்பதுதான் உனக்குத் தெரியாது.

விமானத்தின் வாசலில் கைகூப்பி நின்றிருந்தவளைத் தாண்டிப் போனாள் தர்ஷினி. காதில் யாரிடமோ பேசிக்கொண்டே ஒரு தலையசைப்பு, அதுவும் பிளெஸ்ஸியின் தோளைப் பார்த்து. பிறகு தன் வழக்கமான இடத்துக்கு, பன்னிரண்டாவது வரிசை ஜன்னலோரத்துக்குப் போய் உட்கார்ந்தாள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு நிறுவனத்தில் பெரிய பொறியாளர். மாதம் தவறாமல் மதுரையிலிருந்து ஆக்லாந்துக்குப் போகிறவள், வருகிறவள். நாற்பத்தைந்து வயதுக்கு அதிகமாகவே நரைத்திருந்தது. ஏன் இவ்வளவு அசதி என்று டாக்டர் டாக்டராகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது பிளெஸ்ஸிக்குத் தெரியும். அதையும் அவள்தான் சொல்லியிருந்தாள்.

மதுரைக்கும் ஆக்லாந்துக்கும் நடுவே பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல். நேராகப் பறந்தாலும் பதிமூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஆனால் விமான நிலையத்தின் பலகையில் 'பயண நேரம்' என்ற இடத்தில் சில வருடங்களாக 'ஓர் இமைப்பொழுது' என்றே இருக்கிறது. அதன் கீழே எறும்பு எழுத்தில், 'பயணி உணரும் நேரம்' என்றும் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

எல்லாம் அந்தப் பட்டையால் வந்தது. நெற்றியில் கட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டை. அதற்கு 'இமை' என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டிக்கொண்டு கண்ணை மூடினால், திறக்கும்போது விமானம் ஆக்லாந்தில் நிற்கும். விமானம் ஒன்றும் வேகமாகிவிடவில்லை. பழைய தூரம், பழைய வேகம். நடுவில் உள்ள நேரம் மட்டும் நினைவில் தங்காது.

நினைவில் இல்லாத தூரம் உலகத்திலேயே இல்லை என்பது போல எல்லோரும் நடந்துகொள்ள ஆரம்பித்தார்கள். காதுகுத்துக்கு வரமுடியவில்லை என்று மருமகள் சொன்னால், "கண்ணை மூடித் திறந்தா வந்துரப் போறே, அதுக்கு என்ன சடவு?" என்று மாமியார் கேட்டாள். நிறுவனங்கள் மதுரையில் ஒரு கூட்டம், இறங்கிய கையோடு ஆக்லாந்தில் ஒரு கூட்டம் என்று வைத்தன. பயணக் களைப்புக்குக் கொடுத்த ஓய்வு போயிற்று. அந்தப் பதிமூன்று மணி நேரம் வேலையும் இல்லை, விடுப்பும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அது நேரமே இல்லை.

பட்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே பிளெஸ்ஸி காலையில் சர்வேஷ் சொன்னதை நினைத்துக்கொண்டாள். சர்வேஷ் மதுரையில் அவளுக்கு மேலதிகாரி. அவளைவிடப் பத்து வயது சின்னவன். அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு ஊசி போடுவாங்கள்லக்கா. டாக்டர் கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லுவோம். எந்திரிச்சா ஒண்ணும் ஞாபகம் இருக்காது. இதுவும் அதேதான். பட்டையோட பேசுறாங்க, சாப்பிடுறாங்க, பாத்ரூம் போறாங்க. ஆனா உள்ள ஆள் இல்ல."

"ஆள் இல்லாமலா இன்னும் கொஞ்சம் சட்னி வைங்கன்னு கேக்காங்க?"

அவன் சிரித்தான். "அது பழக்கதோஷம்க்கா. அதுக்குத்தான் புதுப் பட்டை வருது, அடுத்த மாசம். கட்டுனதும் முழுத் தூக்கம். பேச்சு கிடையாது, சட்னி கிடையாது. ஆனா விமான ஆணையத்துக்கு ஒரு சந்தேகம். பட்டையில இருக்கிற நேரம் ஒரு பயணத்துலேருந்து அடுத்த பயணத்துக்குத் தொடருதோன்னு. தொடர்ந்தா அதுவும் ஒரு வாழ்க்கைதானே, அதை நிறுத்த நீங்க யாருன்னு கேப்பாங்க. அப்புறம் அது யார் நேரம், யார் சம்பளம் குடுக்கணும்னு வரிசையா கிளம்பும். நீங்கதான் இந்தத் தடத்துல மூத்தவங்க. திரும்பி வரும்போது லைன்ல கேப்பாங்க. 'ஆள் இல்ல'ன்னு ரெண்டே வார்த்தை. முடிஞ்சது."

பிளெஸ்ஸி பதில் சொல்லவில்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். புதுப் பட்டை வந்தாலும் உங்க வேலைக்கு நான் பொறுப்பு என்றும் சொன்னான். சர்வேஷ் நல்ல பையன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆள் இல்லை. அந்த இரண்டு வார்த்தை அவளைச் சொந்த ஊரான சாயர்புரத்து பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுபோனது. தூத்துக்குடி பஸ் வந்து நிற்கும் முன்பே யாராவது ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை உள்ளே வீசுவார்கள். ஏறிப் பார்த்தால் சீட்டு காலியாகத்தான் இருக்கும். ஆனால் பக்கத்தில் இருப்பவர் சொல்வார், ஆள் இருக்கு என்று. யாரும் உட்கார மாட்டார்கள். இன்னும் ஏறாத, முகம்கூடத் தெரியாத ஒரு ஆளுக்காக நின்றுகொண்டே வருவார்கள்.

விமானம் மேலே போய் நிதானப்பட்டது. பட்டை கட்டியவர்கள் கொஞ்ச நேரம் பொம்மை போல இருந்துவிட்டு ஒவ்வொருவராக அசைந்தார்கள். சிலர் படம் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவரிடம் தன் தம்பியைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார். சாப்பாடு கொடுத்து முடித்து, பாதித் தூரம் கடந்தபிறகு பிளெஸ்ஸி பின்கோடியில் இருந்த சின்னச் சமையல் தடுப்பில் கெட்டிலைப் போட்டாள்.

திரை விலகியது. செருப்பில்லாத இரண்டு கால்கள் தெரிந்தன.

"டீ இருக்கா பிளெஸ்ஸி? இல்ல வழக்கம்போல அந்தக் கழனித் தண்ணியா?"

"கழனித் தண்ணிக்கு இம்புட்டு தூரம் நடந்து வாரீயளே, உங்களைச் சொல்லணும்."

தர்ஷினி மடித்துவிடும் சின்ன இருக்கையில் உட்கார்ந்து காலைத் தூக்கி எதிர்ப்பெட்டியின்மேல் வைத்தாள். முகமே வேறாக இருந்தது. அதே கண், அதே மூக்கு. யாரோ உள்ளே விளக்குப் போட்டது மாதிரி.

"வாசல்ல அவ உன்னைப் பாத்தாளா?"

"தோளைப் பாத்தா."

"முன்னேற்றந்தான். போன தடவை கதவைப் பாத்தா." தர்ஷினி டீயை ஊதினாள். "கோவிச்சுக்காதே. அவளுக்கு நேரமே இல்ல. இருக்கிற நேரமெல்லாம் எங்கிட்ட இருக்கு."

தரையில் நடமாடும் தன்னை 'அவள்' என்றுதான் தர்ஷினி சொல்வாள். அவளுக்கு நடப்பதெல்லாம் இவளுக்குத் தெரியும், அவள் கவனமில்லாமல் செய்வதைத் தவிர. இவளைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. பிளெஸ்ஸிக்கு இது முதலில் தெரிந்தது ஒரு காயத்தால். ஒரு பயணத்தில் விமானம் குலுங்கிக் கொதிநீர் காலில் கொட்டிவிட்டது. பட்டை கட்டியிருந்த தர்ஷினி ஓடிவந்து ஐஸ் கட்டியை வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஆக்லாந்தில் இறங்கும்போது யாரோ போல இறங்கிப் போனாள். அடுத்த பயணத்தில், பட்டை கட்டிக் கொஞ்ச நேரத்தில், இதே திரையை விலக்கிக் கேட்டாள்: "கால் ஆறிடுச்சா?"

அன்றைக்கு பிளெஸ்ஸி கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டாள். சர்வேஷிடம் மட்டுமல்ல, வீட்டிலும் அதை அவள் சொன்னதில்லை. சொன்னால் அது ஒரு புகாராகவோ செய்தியாகவோ ஆகிவிடும் என்று தோன்றியது. நட்பாக இருக்காது.

"அடிச்சுக் காட்டவா? போன தடவை இறங்குற வரைக்கும் சீட்டுல உக்காந்து பழகினேன்," என்றாள் தர்ஷினி.

"மெதுவா. முன்னாடி பைலட்டு காதுல விழுந்துரப் போவுது."

தர்ஷினி உதட்டைக் குவித்து விசிலடித்தாள். குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று, கடைசியில் மேலே ஏறும் ஒரு சுழிப்பு. சாயர்புரத்தில் பிளெஸ்ஸி வீட்டு நாய் டைகர் எந்தத் தெருவில் இருந்தாலும் இதைக் கேட்டு ஓடிவந்துவிடும். ஒருநாள் பாத்திரம் கழுவும்போது பிளெஸ்ஸி தன்னையறியாமல் அதை அடித்துவிட, அன்றிலிருந்து பிடித்துக்கொண்டாள் தர்ஷினி, சொல்லிக் கொடு என்று. சின்ன வயதில் வாயைக் குவித்ததற்கே அம்மாவிடம் அடி வாங்கியவள். பொம்பளைப் பிள்ளை விசிலடித்தால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாளாம். "எங்க வீட்டுல லட்சுமிக்கு ஜோலியே இல்ல, நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க. இருந்தும் எனக்கு அடிதான்," என்று பிளெஸ்ஸி சொல்ல இருவரும் சிரித்தார்கள். மாதக்கணக்கில் வெறும் காற்றும் எச்சிலும்தான் வந்தது. நாக்கைக் கீழ்ப்பல்லில் முட்டு, கன்னத்தை உப்பாதே என்று பிளெஸ்ஸியும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது சுழிப்புகூடச் சுத்தமாக விழுந்தது.

"டைகர் இருந்திருந்தா வந்திருக்கும்," என்றாள் பிளெஸ்ஸி. பிறகு கெட்டிலைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், புதுப் பட்டையைப் பற்றிச் சொன்னாள். சர்வேஷ் கேட்டதையும் சொன்னாள்.

தர்ஷினி காலைக் கீழே இறக்கினாள். கதவிலிருந்த சின்ன ஜன்னல் வழியாகக் கீழே ஆஸ்திரேலியாவின் செம்மண் ஆள் அரவமில்லாமல் விரிந்து கிடந்தது. வறண்ட ஆறுகள் மருதாணி இழுத்தது போல ஓடின.

"இவ்வளவு தடவை இதுக்கு மேல போயிருக்கா, ஒரு தடவைகூட அவ இதைப் பாத்ததில்ல," என்றாள். பிறகு, "அப்போ அடுத்த மாசம் நான்?"

பிளெஸ்ஸி துடைத்த கெட்டிலையே மறுபடி துடைத்தாள்.

"அவகிட்ட சொல்லிப் பாரேன். உனக்குள்ள ஒருத்தி இருக்கா, டீயைக் குறை சொல்லுவா, அவளை விட்டுராதேன்னு."

"சொன்னேனே. போன வருசம் ஆக்லாந்துல, பெட்டி எடுக்கிற இடத்துல. 'உங்களை எனக்கு நல்லாத் தெரியும் மேடம்'னேன். மறுநாள் என் மேல புகார். பயணிகிட்ட பட்டை நேரத்தைப் பத்திப் பேசக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க."

"எந்த மூதேவி புகார் குடுத்தது?"

"நீங்கதான்."

தர்ஷினி வாயிலிருந்த டீ சிந்தும்வரை சிரித்தாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. அடங்கியபோது கண் ஈரமாக இருந்தது.

"சர்வேஷ் கேட்டா ஆள் இல்லைன்னே சொல்லிடு, பிளெஸ்ஸி. உனக்கு இந்த வேலை வேணும். நான் கோவிச்சுக்க மாட்டேன். கோவிச்சுக்கிறதுக்கு நான் இருக்கவும் மாட்டேன்."

"சும்மா இருங்க."

"நிஜமாத்தான் சொல்றேன். எனக்குக் கிடைச்சது போதும். அவளுக்கு இது எதுவும் கிடைக்கலையேன்னுதான் இருக்கு."

இறங்கும் நேரம் வந்தது. தர்ஷினி தன் இடத்துக்குப் போகும்முன் பிளெஸ்ஸியின் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். சக்கரங்கள் தரையைத் தொட்டன. பட்டைகளின் சின்ன விளக்குகள் அணைந்தன. முந்நூறு பேர் ஒரே சமயத்தில் கண்ணைத் திறந்தார்கள்.

"வந்துட்டோமா?"

"வந்தாச்சு மேடம்."

தர்ஷினி குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பார்ப்பாள். இருக்கைக்கு அடியிலிருந்து செருப்பைத் தேடி எடுத்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் நோட்டம்விட்டு, மாட்டிக்கொண்டாள்.

பெட்டிகள் சுற்றி வரும் கூடத்தின் அந்தப் பக்கமாகத்தான் விமானப் பணியாளர்கள் வெளியே போகவேண்டும். பிளெஸ்ஸி தன் பெட்டியை இழுத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கடைசியாக நடந்தாள். சிரிப்பும் பேச்சும் கேட்டுப் பழகியவளோடு இனி திரும்பும்போது ஒரே ஒரு தடவைதான் டீ குடிக்கமுடியும் என்ற எண்ணம் அவளை விட்டுப் போகவில்லை.

அப்போது கேட்டது. குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று, மேலே ஒரு சுழிப்பு.

பெட்டிக்காகக் காத்து நின்றவர்களில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். தர்ஷினியும் திரும்பிப் பார்த்தாள், யார் அடித்தது என்று. பக்கத்திலிருந்த கிழவர் அவளையே பார்த்துச் சிரிப்பதைக் கண்டபிறகுதான் கை மெல்ல உதட்டுக்குப் போனது. தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள், பல் விழுந்த குழந்தை மாதிரி.

பிளெஸ்ஸி பெட்டியை நிறுத்தினாள். பயணியிடம் பேசக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். விசிலடிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுக்கவில்லை. கூடத்தின் மறுகோடியிலிருந்து, சீருடையோடு, அதையே திருப்பி அடித்தாள்.

தர்ஷினி சட்டென்று திரும்பினாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக, தரையில் நின்றுகொண்டு, அவள் பிளெஸ்ஸியின் முகத்தைப் பார்த்தாள்.

திரும்பும் விமானத்தில் அவள் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். காதில் எந்தப் பேச்சும் இல்லை. வாசலிலேயே நின்றாள்.

"அன்னைக்கு அது நீங்கதானே?"

"எது மேடம்?"

"விளையாடாதீங்க. எனக்கு விசிலடிக்க வராது. எங்கம்மாவைக் கேட்டாக்கூடச் சொல்லுவாங்க. இப்ப என்னடான்னா சும்மா இருந்தா வாய் தானா அடிக்குது. பெரிய மீட்டிங்ல, எல்லாரும் இருக்கும்போது அடிச்சுட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "எங்க ஆபீஸ் டாக்டரைக் கேட்டேன். நடந்தது ஞாபகம் இருக்கிறதைத்தான் பட்டை தடுக்குமாம். சைக்கிள், நீச்சல் மாதிரி உடம்பு பழகிக்கிட்டதை அதால தடுக்க முடியாதாம். அப்படின்னா ரொம்ப நாளாப் பழகியிருக்கேன். யாரு கத்துக்குடுத்தா?"

பின்னால் வரிசை சேர ஆரம்பித்தது. யாரோ பெட்டியால் இடித்தார்கள்.

"பட்டை நேரத்தைப் பத்திப் பயணிகிட்ட பேசக் கூடாது மேடம். புகார் வந்து எழுதி வாங்கியிருக்காங்க."

"எந்த மூதேவி புகார் குடுத்தது?"

பிளெஸ்ஸி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதே வார்த்தை, அதே இழுப்பு. "உள்ள போங்க மேடம். ஆள் வாராங்க," என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் தர்ஷினி அவள் கடித்துக்கொண்ட சிரிப்பைப் பார்த்துவிட்டாள். போன வருடம் போகிற போக்கில் தானே ஒரு புகார் எழுதிக் கொடுத்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. பிறகு முகம் சிவந்து உள்ளே போனாள்.

கதவு சாத்தப்படும் முன்பு பிளெஸ்ஸி தட்டோடு வந்தாள். எல்லோரும் கையை நீட்டிப் பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பன்னிரண்டாவது வரிசையில் தர்ஷினி கையை நீட்டவில்லை.

"இதைக் கட்டலைன்னா மதுரைக்கு எவ்வளவு நேரம்?"

"பதிமூணு மணி நேரம் மேடம். சமயத்துல கூடவும் ஆகும்."

"அம்மாடி. அவ்வளவு நேரம் என்னதான் பண்றது?"

"டீ குடிக்கலாம். அவ்வளவு நல்லாருக்காது."

தர்ஷினி தட்டிலிருந்த பட்டையைப் பார்த்தாள். "இதைக் கட்டினா அங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாமலே போயிடும். கட்டாம உக்காந்தா, உங்ககிட்ட பழகினவ வருவாளா?"

அதுதான் பிளெஸ்ஸிக்கும் தெரியாது. வராமல் போகலாம். கால் தழும்பிலிருந்து, மகளின் கணக்கிலிருந்து, டைகரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கலாம். சொல்லலாம், என்று நினைத்தாள். பதினோராயிரம் கிலோமீட்டர் இருக்கிறது.

"தெரியல. ஆனா உதடு வந்திருக்கு. மத்ததும் பின்னாடியே வரலாம்," என்றாள். எழுதிக் கொடுத்த விதி அங்கேயே உடைந்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

தர்ஷினி குனிந்து செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினாள். காலை மடக்கி உட்கார்ந்து ஜன்னல் திரையை முழுவதும் மேலே ஏற்றினாள்.

காதில் மாட்டியிருந்த கருவி கரகரத்தது. மதுரையிலிருந்து சர்வேஷ்.

"அக்கா, ஆணையத்துக்காரங்க லைன்ல இருக்காங்க. நாம பேசினதுதான். அடிக்கடி பறக்கிறவங்களைப் பத்திக் கேக்குறாங்க. உதாரணத்துக்கு உங்க பன்னிரண்டு ஏ. பட்டை கட்டியிருக்கிற நேரத்துல அந்த சீட்டுல ஆள் இல்லைன்னு நீங்க சொல்லிட்டா போதும்."

தட்டில் ஒரே ஒரு பட்டை மிச்சம் இருந்தது. பிளெஸ்ஸி அதை எடுத்துத் தன் சீருடைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஜன்னலோரத்திலிருந்து, மிக மெதுவாக, குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று கேட்டது. சுழிப்பு இன்னும் வரவில்லை.

"அப்படிச் சொல்ல எனக்கு வராது, தம்பி," என்றாள் பிளெஸ்ஸி. "அந்த சீட்டுல ஆள் இருக்கு."